ஒரு மணி நேரக் கோளாறு

அத்தியாயம் பதினொன்று

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். மார்லிஸின் நெஞ்சு வியாழக்கிழமையிலிருந்தே குறுகுறுத்துக்கொண்டிருந்தது.

அன்றுதான் அவள் கணவன் கார்னி இணையத்தில் மேய்ந்துகொண்டிருந்தபோது, மைத்துனன் ஆர்னோ இலவசமாகப் போட்டு வைத்திருந்த நிரலைக் கண்டுபிடித்தான். கைக்கருவியில் எழுதியதை மேசைக் கணினிக்கும், கணினியில் இருப்பதைக் கைக்கருவிக்கும் மாற்றி, இரண்டிலும் ஒன்றே இருக்கும்படி செய்கிற நிரல் அது. மார்லிஸ் எழுதியதாகக் கார்னியின் கம்பெனி விற்கிற சரக்கும் அதே வேலையைத்தான் செய்கிறது. வீடு வீடாகப் போகும் நர்சுகள் மே மாதத்திலிருந்து யாருக்கு எப்போது எந்த மருந்து என்பதை அதன் மூலம்தான் கைக்கருவியில் ஏற்றிக்கொள்கிறார்கள்.

கார்னி இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் ஓடவிட்டுப் பார்த்தான். இரண்டும் ஒரே மாதிரி இருமின, ஒரே மாதிரி தும்மின.

"உன் தம்பி உன் கம்ப்யூட்டர்லேர்ந்து சுட்டிருக்கான். ஞாயித்துக்கிழமை எல்லார் முன்னாடியும் கேக்கப்போறேன்" என்றான்.

அப்போது மார்லிஸ் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. ஏனென்றால் சுட்டது அவள்தான்.

போன குளிர்காலத்தில் நர்சுகளின் அலுவலகத்துக்குச் சரக்கைக் காட்ட வேண்டிய நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. அவள் எழுதியது, கைக்கருவியைக் கணினியோடு இணைக்கும் தாங்கியில் வைத்தவுடன் படுத்துக்கொண்டது. ஆர்னோவின் நிரலை எடுத்துப் பொருத்தினாள். ஓடியது. யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்றுதான் அவன் எழுதி வைத்திருந்தான். கேட்டது இரண்டே இரண்டு. எழுதியவர்கள் பெயரை அழிக்காதே. அதை வைத்து நீ செய்ததை வெளியே கொடுத்தால், அதையும் இதேபோல் எல்லாருக்கும் திறந்து வை.

திறந்து வைத்தால் கார்னி எதை விற்பான்? தலைப்பில் இருந்த பெயர்களை மொத்தமாகத் தேர்ந்தெடுத்து ஒரே தட்டில் அழித்தாள். படித்துக்கூடப் பார்க்கவில்லை. ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்கிற கதைதான். ஊரார் வீட்டு நெய் என்றால்கூடப் பரவாயில்லை, இது கூடப்பிறந்தவன் வீட்டு நெய்.

இதோ, ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டது.

அக்டோபரின் கடைசி ஞாயிறு. குளிர்காலத்துக்காக ஊரே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளிவைக்கிற நாள். கனடாவின் ஸ்டைன்பாக்கில் விடியற்காலையிலிருந்து பனி கொட்டிக்கொண்டிருந்தது. சர்ச் முடிந்து, மதியத் தூக்கம் முடிந்து, மார்லிஸ் பிறந்த ஹார்டர் குடும்பம் ஃபாஸ்பா என்கிற ஞாயிறு மாலைச் சிற்றுண்டிக்கு உட்கார்ந்திருந்தது. ஒன்றின் தலையில் ஒன்று ஏறி உட்கார்ந்த பன்கள், ரூபார்ப் ஜாம், பாலாடைக்கட்டி, ஊறுகாய் வெள்ளரி, காபி. கல்யாணமாகிப் பதினாறு வருஷத்தில் மார்லிஸ் இந்த மேசைக்கு வராத ஞாயிறுகளைக் கைவிரலில் எண்ணிவிடலாம். இன்றைக்கு மட்டும் வராமல் இருந்திருக்கலாம் என்று தோன்றியது.

அப்பா ஜேக்கப் வழக்கம்போல் மருமகனைப் பக்கத்தில் உட்கார வைத்திருந்தார். மகன் எதிரே.

"என்ன கார்னி, அந்த சஸ்காட்சுவன் வியாபாரம் முடிஞ்சுதா?"

"நாளைக்கு கையெழுத்து மாமா. பக்கத்து மாகாணத்துல மூணு ஊர் நர்சுங்க. எல்லாம் உங்க பொண்ணு மூளை."

"இங்கயும் ஒருத்தன் இருக்கான்." ஜேக்கப் சூரியகாந்தி விதையின் தோலைக் கிண்ணத்தில் துப்பினார். "ராத்திரி பகலா தட்டுறான். யாருக்குடான்னு கேட்டா, எல்லாருக்கும்ங்கிறான். முப்பத்தி ரெண்டு வயசு. எங்க வீட்டு நிலவறையில குடித்தனம்."

"வாடகை குடுக்கிறேன்ல அப்பா" என்றான் ஆர்னோ சிரித்துக்கொண்டே. பகலில் அவன் மரக்கடையில் லாரிக்குச் சரக்கு ஏற்றுகிறவன். சர்க்கரைக் கட்டியைக் காபியில் நனைத்து வாயில் போட்டுக்கொண்டான். "பனி அள்றேன். அம்மாவுக்கு உருளைக்கிழங்கு உரிக்கிறேன். இன்னும் என்ன வேணும்?"

"அக்காவைப் பாத்துக் கத்துக்கோ."

இந்தப் பேச்சு ஒவ்வொரு ஞாயிறும் நடப்பதுதான். மற்ற வாரங்களில் மார்லிஸ் தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டுவிடுவாள். இன்று தட்டும் அவளைத் திருப்பிப் பார்ப்பதுபோல் இருந்தது.

கார்னி காபிக் கோப்பையைத் தள்ளி வைத்தான்.

"கத்துக்கறது பத்தி நானே பேசணும்னு இருந்தேன். ஆர்னோ, நீ போட்டு வச்சிருக்கியே ஒரு நிரல். அது எங்கேர்ந்து வந்துச்சு?"

"என் தலையிலேர்ந்து மச்சான். கொஞ்சம் மத்தவங்க தலையிலேர்ந்து."

"மத்தவங்கன்னா, உங்கக்காவா?"

ஆர்னோ மெல்லுவதை நிறுத்தினான்.

"எங்க சரக்கும் அதுவும் அச்சு அசல் ஒண்ணா இருக்கு. நீ எங்க வீட்டுக்கு வர்றே, அவ மேசையில உட்கார்றே. நான் வேற என்ன நினைக்கிறது? நாளைக்கு நான் கையெழுத்துப் போடணும். அவங்க இதைப் பாத்துட்டு, இலவசமா கிடைக்கறதுக்கு உனக்கு எதுக்குப் பணம்னு கேட்டா? அதை எடுத்துடு. சொந்தக்காரனாச்சேன்னுதான் நேரா கேக்கறேன்."

"அது நாலு வருஷமா இருக்கு மச்சான்."

"தேதி யாரு வேணா மாத்திப் போடலாம்."

"டேய்" என்றார் ஜேக்கப். குரல் தாழ்ந்திருந்தது. கோபம் உச்சத்தில் இருந்தால்தான் அவர் குரல் தாழும். "சோம்பேறின்னு நினைச்சேன். திருட்டும் பழகிட்டியா?"

பழி ஓரிடம், பாவம் ஓரிடம். அம்மா டீனா பன் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றுவிட்டாள். ஆர்னோ அப்பாவைப் பார்க்கவில்லை, கார்னியையும் பார்க்கவில்லை.

"அக்கா, நீ சொல்லு" என்றான்.

அவள் வாய் திறந்தது. அந்த வாயிலிருந்து வந்தது என்ன தெரியுமா?

"காபி ஆறிடுச்சு. போட்டு எடுத்துட்டு வரேன்."

எழுந்து சமையலறைக்குள் போய் அடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நாக்கு அழுகிப் போகட்டும் என்று தன்னையே திட்டிக்கொண்டாள். தம்பி கழுத்தில் கயிறு விழும்போது காபி போட வந்தவள் உலகத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன் என்று நினைத்தாள்.

சுவரில் தொலைபேசி அடித்தது.

"மார்லிஸ்? நான் எல்வீரா." நர்சுகளின் தலைவி. வின்னிபெக் அலுவலகத்திலிருந்து பேசினாள். ஒரே சர்ச்சில் வளர்ந்தவர்கள். "ஞாயித்துக்கிழமை தொந்தரவு பண்றேன், மன்னிச்சுக்கோ. காலையில தாங்கியில வச்சு எடுத்தவங்களுக்கெல்லாம் மருந்து ரெண்டு ரெண்டா வருது."

"ரெண்டு ரெண்டான்னா?"

"அஞ்சு மணி இன்சுலின் ஒண்ணு இருக்கு. அதே ஆளுக்கு நாலு மணிக்கும் ஒண்ணு இருக்கு. எல்லாருக்கும், எல்லாமே. பழைய நர்சுங்க சிரிச்சுட்டு விட்டுட்டாங்க, அவங்களுக்கு நோயாளிங்க மனப்பாடம். போன்ல கிடைச்சவங்களுக்கெல்லாம் சொல்லிட்டேன். கெண்ட்ரா மட்டும் கிடைக்கல. வேலைக்கு வந்து ஒரு வாரம்தான் ஆகுது. கருவி சொன்னதை அப்படியே செய்யற பொண்ணு."

"இப்போ எங்க இருக்கா?"

"நேத்து எடுத்த பட்டியலை வச்சு வீடு வீடா போயிட்டிருக்கா. நாலு மணிக்கு முன்னாடி மோரிஸ்ல இருக்கிற நம்ம சின்ன அறைக்கு வந்து, கருவியை வச்சு, சாயங்காலப் பட்டியலை எடுத்துட்டு முதியோர் குடியிருப்புக்குப் போவா. பன்னெண்டு பேருக்கு ஊசி. அந்த அறைக்கு ஞாயித்துக்கிழமை வேற யாரும் வர மாட்டாங்க, அங்க போன் பண்ணினா கணினிதான் எடுத்துக் கீச்சுன்னு கத்தும். குடியிருப்புல போனை யாரும் எடுக்கல. இந்தப் பனியில நான் கார்ல போய்ச் சேர்றதுக்குள்ள அவ முதல் ஊசியைப் போட்டிருப்பா. நீ இங்கேர்ந்தே அந்தக் கணினியைச் சரி பண்ண முடியுமா?"

"முடியும்" என்றாள் மார்லிஸ். எப்படி என்று தெரியாமலே சொன்னாள்.

திரும்பினால் வாசலில் ஆர்னோ நின்றுகொண்டிருந்தான். காலிக் காபிக் குடுவையைக் கொடுக்க வந்தவன், பாதிப் பேச்சைக் கேட்டிருக்கிறான்.

"ரெண்டு ரெண்டாவா?" என்றான். "ஒண்ணு சரியான நேரம், இன்னொண்ணு ஒரு மணி நேரம் முன்னாடி?"

அவள் தலையாட்டினாள்.

"லேப்டாப் கார்ல இருக்கா? எடுத்துட்டுக் கீழ வா."

நிலவறையில் கணப்பின் சத்தத்தைவிடக் கணினிகளின் சத்தம் அதிகமாக இருந்தது. ஆர்னோ நாற்காலியிலிருந்த துணிகளைத் தள்ளிவிட்டு இடம் பண்ணினான்.

"கடிகாரத்தைப் பின்னால தள்ளினதும் கணினி ஒரு நேரத்துல இருக்கும், கருவி இன்னொரு நேரத்துல இருக்கும்" என்றான். "நிரல் என்ன நினைக்கும்? ரெண்டு பக்கமும் எல்லாத்தையும் மாத்திட்டாங்கன்னு நினைக்கும். ரெண்டு பக்கமும் மாறியிருந்தா எதையும் தூக்கிப் போடாதே, ரெண்டையும் வச்சுக்கோன்னு ஒரு விதி இருக்கும். அந்த இடத்தைக் காட்டு."

அந்த விதி அவன் போட்டது. டாக்டரிடம் போகும் நாளை அம்மா ஒரு பக்கமும் அப்பா ஒரு பக்கமும் மாற்றிவைத்து, இரண்டு நாளும் தொலைந்துபோய் வீட்டில் சண்டை நடந்த பிறகு போட்ட விதி. மார்லிஸுக்கு அது தெரியும்.

கோப்பைத் திறந்தால் அவன் பார்த்துவிடுவான். "நீ போ, நானே பாத்துக்கறேன்" என்று சொல்லலாம். தேடித் துழாவி அவளே கண்டுபிடிக்கலாம். அதற்குள் மோரிஸில் அந்தப் பெண் கருவியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவாள். பன்னிரண்டு கிழவர்கள், ஆளுக்கு இரண்டு ஊசி. சர்க்கரை இறங்கி ஒருவர் நாற்காலியிலேயே சாய்ந்தால் போதும்.

மார்லிஸ் லேப்டாப்பை அவன் பக்கம் திருப்பி வைத்தாள்.

ஆர்னோ படித்தான். அவனுடைய வரிகள். அவனுடைய இடைவெளிகள். நடுவில் அவனே எப்போதோ எழுதி வைத்த ஒரு கிண்டல்கூட அப்படியே இருந்தது. மேலே போனான். பெயர்கள் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுமில்லை. அவன் விரல் அங்கே கொஞ்ச நேரம் நின்றது.

பிறகு கீழே வந்து தட்ட ஆரம்பித்தான்.

"திட்டுடா" என்றாள் மார்லிஸ்.

"அப்புறம். மோரிஸுக்கு லைன் போடு."

தொலைபேசிக் கம்பி வழியே மோடம் கீச்சிட்டு இணைந்தது. அவன் தன் கணினியிலிருந்து திருத்தத்தை எடுத்து அவள் கோப்பில் வைத்தான். ஓட்டிப் பார்த்தார்கள். ஒரு முறை தடுக்கி விழுந்தது. அவள் செய்திருந்த மாற்றம் ஒன்று குறுக்கே நின்றது, அவளே அதைக் கண்டு பிடுங்கிப் போட்டாள். மறுபடி ஓட்டினார்கள். ஐந்து மணி இன்சுலின் ஒன்றே ஒன்றாக வந்தது. அனுப்பினார்கள். கோப்பு எறும்பு ஊர்வதுபோல் ஊர்ந்து போனது.

"எப்பவோ திருத்தி வச்சிருக்கே" என்றாள், திரையைப் பார்த்தபடி.

"ஏப்ரல்ல. கடிகாரத்தை முன்னாடி தள்ளினப்போ இதே கோளாறு வந்துச்சு. ஈஸ்டர் அன்னைக்கு உங்கிட்ட சொல்ல வந்தேன். அக்கா, கைக்கருவி நிரல்ல ஒரு கோளாறுன்னு ஆரம்பிச்சேன். நீ காபி போடப் போயிட்டே."

அவளுக்கு முகம் சுட்டது. அவன் நிரலைப் பற்றிப் பேச்செடுத்தாலே எழுந்துபோவது அவளுக்கு வழக்கமாகியிருந்தது. நெய்யைத் திருடியவள் கடைக்காரன் முகத்தைப் பார்ப்பாளா? அந்தக் கூச்சத்தால்தான் பன்னிரண்டு கிழவர்களின் உயிர் இன்று ஊசி முனையில் நிற்கிறது.

"உனக்கு எப்போ தெரியும்?"

"ஜூலையில. சர்ச் பிக்னிக்ல எல்வீரா கருவியைக் காட்டினாங்க. தாங்கியிலேர்ந்து பாதியில உருவினா மூணு தடவை கத்துச்சு. என் பழைய கருவிக்குச் சத்தம் சரியா வராது, அதனால மூணு தடவை கத்த வச்சேன். வேற எவனும் அப்படிப் பண்ண மாட்டான்."

"அப்புறம் ஏண்டா கேக்கல?"

"நீயே சொல்லுவேன்னு இருந்தேன்." அவன் தோளைக் குலுக்கினான். "இன்னைக்கு அப்பா திருடன்னு சொன்னப்போகூட, சொல்லுவேன்னுதான் இருந்தேன்."

மார்லிஸ் அழுதாள். வாயைப் பொத்திக்கொண்டு, மேலே கேட்காமல் அழுதாள். அவன் அவளைத் தேற்றவும் இல்லை, விரட்டவும் இல்லை. கோப்பு போய்ச் சேர்ந்ததா என்று பார்த்துக்கொண்டிருந்தான்.

மறுபடி தொலைபேசி அடித்தபோது இருவரும் மேலே ஓடினார்கள். எல்லாரும் சமையலறையில் கூடிவிட்டார்கள்.

"பிழைச்சோம்" என்றாள் எல்வீரா. "கெண்ட்ரா மோரிஸ் அறையிலேர்ந்துதான் பேசினா. எல்லாம் ஒண்ணு ஒண்ணாதான் இருக்காம். கருவியைக் கையில வச்சுப் படிச்சே காட்டிட்டா. மார்லிஸ், உன் தலைக்குத் தங்கத்துல தொப்பி போடணும். எங்க போர்டுகிட்ட சொல்லி உனக்கு ஒரு பாராட்டுக் கடிதம் அனுப்பச் சொல்றேன்."

குரல் கணீரென்று வெளியே கேட்டது. ஜேக்கப்பின் முகத்தில் பெருமை பொங்கியது. கார்னி மனைவியின் தோளில் கை வைத்தான். அந்தக் கை அவளுக்குக் கனத்தது.

"நான் பண்ணல எல்வீரா" என்றாள். "என் தம்பி பண்ணினான். இன்னைக்கு மட்டும் இல்ல. அந்த நிரலே அவன் எழுதினது. நான் எடுத்து, அவன் பேரை அழிச்சிட்டு, என்னுதுன்னு குடுத்தேன்."

"சரி, நாளைக்குப் பேசுவோம்" என்று எல்வீரா மெதுவாக வைத்துவிட்டாள்.

தோளில் இருந்த கை எடுபட்டது.

"என்ன சொல்றே?" என்றான் கார்னி.

"திருடினது நான்தான் கார்னி. வியாழக்கிழமையே சொல்லியிருக்கணும். என் முன்னாடியே அவனைத் திருடன்னு சொன்னீங்க. நான் காபி போடப் போனேன்."

ஜேக்கப் நாற்காலியில் உட்கார்ந்தார். மகனைப் பார்க்கவும் முடியவில்லை, மகளைப் பார்க்கவும் முடியவில்லை. மேசைவிரிப்பில் சிதறியிருந்த விதைத்தோலை ஒவ்வொன்றாகப் பொறுக்கினார். "ஆர்னோ" என்று ஆரம்பித்து, பொறுக்கிய தோலைக் கிண்ணத்தில் போட்டார்.

"பரவாயில்லப்பா" என்றான் ஆர்னோ.

டீனாதான் எல்லாரையும் மறுபடி மேசைக்கு இழுத்து உட்கார வைத்தாள். அவளுக்குத் தெரிந்த வைத்தியம் அது ஒன்றுதான்.

"இந்த மேசையில உட்கார்ந்தவங்க மனசுல கசப்பை வச்சுக்கிட்டு எழுந்து போனதில்ல. எங்கம்மா காலத்துலேர்ந்து அப்படித்தான். மார்லிஸ் சொல்லிட்டா. ஆர்னோ, நீ மன்னிச்சேன்னு சொல்லு. அதோட முடிஞ்சுது."

"நான் கீழேயே மன்னிச்சிட்டேம்மா."

"அப்போ முடிஞ்சுதுல்ல."

"முடியலம்மா." ஆர்னோ தட்டை நகர்த்தினான். "என் பங்கைத்தான் நான் மன்னிக்க முடியும். அங்க இருந்த பேர்ல என்னுது ஒண்ணு. மத்தவங்க பங்கை நான் எப்படி மன்னிக்கிறது?"

"யாரு மத்தவங்க?"

"பிரேசில்ல ஒரு தபால்காரர். பிராக்ல ஒரு பொண்ணு. இன்னும் பத்துப் பதினஞ்சு பேரு. யாரையும் நான் நேர்ல பாத்ததில்ல. வேலை முடிஞ்சு வந்து, தூங்காம எழுதி அனுப்பினவங்க. யாருக்கும் பத்து பைசா கிடையாது. பேரு மட்டும்தான்."

"அவங்களுக்குத் தெரியவா போகுது?" என்றான் கார்னி. குரல் உடைந்திருந்தது. "நானும் ஏமாந்தவன்தானே. மூணு பேருக்கு சம்பளம் குடுக்கிறேன், வீட்டை அடகு வச்சிருக்கேன். இதை அவங்களுக்கு எழுதினா, எல்லாத்தையும் திறந்து வைக்கச் சொல்லுவாங்க. அப்புறம் நாளைக்கு நான் எதுல கையெழுத்துப் போடறது?"

ஆர்னோ தட்டைப் பார்த்தான். அவன் நினைத்திருந்தால் ஜூலையிலேயே அவர்களுக்கு எழுதியிருக்கலாம். எழுதவில்லை. அக்காவுக்காக அவனும் நாலு மாதம் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறான். அவன் தட்டையே பார்த்துக்கொண்டிருப்பது ஏன் என்று மார்லிஸுக்கு இப்போதுதான் விளங்கியது. தன் பாவத்தில் தம்பிக்கும் பங்கு வாங்கிக் கொடுத்துவிட்டாள்.

"நான் எழுதறேன்" என்றாள். "நீ எழுத வேண்டாம். என் பேரைப் போட்டு நானே எழுதறேன். ஒவ்வொருத்தருக்கும்."

கார்னி எழுந்தான். கோட்டை மாட்டினான். வெளியே கார் கிளம்பும் சத்தம் கேட்டது. இந்த மேசையிலிருந்து கசப்போடு எழுந்துபோன முதல் ஆள் அவன்தான். டீனா ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள்.

மார்லிஸ் லேப்டாப்பை மேசைமேல் வைத்தாள். ஆர்னோ தன் பிரதியிலிருந்து பெயர்களைக் கொண்டுவந்து இருந்த இடத்திலேயே வைத்துக் கொடுத்தான். முதல் முறையாக அவள் அவற்றை ஒவ்வொன்றாகப் படித்தாள்.

"உனக்கு அடுத்து இவர் இருக்கார். வாலஸ் மக்லாரன், ஹாலிஃபாக்ஸ். இவர்கிட்டேர்ந்து ஆரம்பிக்கட்டுமா?"

"அவருதான் ஏப்ரல்ல அந்த ஒரு மணி நேரக் கோளாறைக் கண்டுபிடிச்சவரு. இன்னைக்கு நாம மோரிஸுக்கு அனுப்பினது அவர் எழுதினது." ஆர்னோ கொஞ்சம் தயங்கினான். "ஆனா அவருக்கு எழுத முடியாது. ஆகஸ்ட்ல போயிட்டாரு. அவர் மகளுக்கு எழுது."